நெருப்புக்கண்ணரின் பெட்டி

சாமியார் நெருப்புக்கண்ணர் ஊரில் வந்து இறங்கியதிலிருந்து பேருந்து நிலையத்தைவிட அவருடைய மண்டபத்தில்தான் கூட்டம். பேருந்திலாவது எங்கே போகிறது என்று பலகையில் எழுதியிருக்கும். இங்கே வந்தவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

கறுப்புப் பெட்டிக்குள் வெறும் மரப்பலகையை வைப்பார். மூடுவார். கண்ணை உருட்டிப் பெட்டியை முறைப்பார். உள்ளே சர், சர் என்று சத்தம், புகை கசியும். திறந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் பலகையில் தீயால் எழுதியிருக்கும். எழுத்துப்பிழையோடு. அருளுக்கு இலக்கணம் எதற்கு என்றார்கள் பக்தர்கள்.

அதே ஊரில் மரப்பொம்மை செய்து விற்கும் பொம்மைக்காரியின் நாத்தனாரும் ஒரு பலகை வாங்கி வந்தாள். ‘மகளுக்குப் படிப்பு ஆகாது.’ கல்லூரியில் இடம் கிடைத்திருந்த மகள் அழுதாள்.

“அத்தை, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க.”

பொம்மைக்காரி பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்துகள் நெருக்கமான கோடு கோடாக எரிந்திருந்தன. அவளுடைய இயந்திரமும் இப்படித்தான் எரிக்கும். பழைய பிரிண்டரில் மை தெளிக்கும் தலையைக் கழற்றி, அந்த இடத்தில் லேசரைப் பொருத்தியிருந்தாள். மரப்பொம்மைகளை வெட்டுவதும் அதில்தான்.

“அண்ணி, நாளைக்கு நானும் வர்றேன்.”

“வா. ஆனா வாயைத் திறக்காதே.”

மறுநாள் திறந்தாள். கையில் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தகடு.

“சாமி, இதுல எழுதுங்க.”

“மரம்தான் அருளைத் தாங்கும், தாயே.”

“நெருப்பு கக்குற கண்ணுக்கு பிளாஸ்டிக் ஒரு பெரிய விஷயமா சாமி?”

“அதானே, எழுதுவாரு பாரு,” என்றது கூட்டம். பக்தர்களே மாட்டிவிட்ட சாமி அவர்.

வேறு வழியில்லாமல் முறைத்தார். சர், சர். புகை. திறந்தால் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு அடியில் விரித்திருந்த கறுப்புத் துணியில் ‘பொருமை வேண்டும்’ என்று எரிந்திருந்தது.

“லேசர் வெளிச்சம் தகட்டைத் தாண்டிப் போய்த் துணியை எரிச்சிருக்கு, அண்ணி.”

பொம்மைக்காரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத்தைக் கழற்றினாள். பிரிண்டர் கம்பி, பற்கள் வைத்த பெல்ட், லேசர். அங்கிருந்து ஓடிய ஒயர் திரைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சீடரிடம் போய் நின்றது. எழுத்துப்பிழைக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

“இப்ப முறைங்க சாமி. ஒரே ஒரு ‘அ’ போதும்.”

முறைத்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

நாத்தனார், கூட வந்திருந்த மகளின் கையைப் பிடித்தாள். “வாடி, காலேஜ் மூடுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்.”

கேள்வி கேட்டால் எந்தச் சாமியும் கண்ணைக் குத்தாது. கேட்காதவர்களின் கண்ணைக் கட்டத்தான் இத்தனை பேர் துணியோடு காத்திருக்கிறார்கள்.