உன் மோட்டார் சைக்கிளை உடனே விற்க அனுமதி கோரி

என் மனைவியின் ஒரே தம்பியும் என் ஓய்வுக்காலத்தின் ஒரே எதிரியுமான மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. கடலும் கப்பலும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே வீடு நலம். உன் மோட்டார் சைக்கிள் மிக மிக நலம். நான் ஒருவன்தான் நலமில்லை.

கப்பல் ஏறும் அன்று நீ என்ன சொல்லிவிட்டுப் போனாய்? "ஒம்போது மாசந்தான் அத்தான், ஒரு ஓரமா நிக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை இருபது கிலோமீட்டர் ஓட்டினா போதும், இல்லேன்னா பேட்டரி செத்துடும்." முப்பத்திரண்டு வருஷம் பல் செட் செய்தவன் நான். என் கைக்கு வந்த வேலை எதுவும் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்ததில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக "சரி" என்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கா இத்தனை தண்டனை?

மலை, பாலைவனம் எல்லாம் தாண்டுவதற்கென்றே செய்த வண்டியாம். இருபத்தெட்டு வயது. இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போன அலுமினியப் பெட்டிகள், முன்னால் கோபக்காரப் பறவையின் அலகு மாதிரி ஒன்று, என் மார்பு உயரத்துக்கு சீட். சமையலறை முக்காலியைப் போட்டு ஏறினேன். பெட்ரோல் குழாயைத் திற, சோக்கை இழு, சின்ன லிவரை அமுக்கிவிடு, பிறகு உதை என்று நீ எழுதி வைத்திருந்த சீட்டின்படியே செய்தேன். பத்து தடவை அது என்னைத் திருப்பி உதைத்தது. பதினோராவது உதையில் அது போட்ட சத்தத்துக்கு, பக்கத்து வீட்டு ஆசிரியர் ஜன்னலோரம் டம்ளரில் போட்டிருந்த பல் செட், அதுவும் என் கையால் செய்தது, தன்னால் கடகடவென்று ஆடியதாம். வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தெருமுனை தாண்டிய பிறகுதான் விஷயம் என் புத்திக்கு எட்டியது, கால்தான் தரைக்கு எட்டவில்லை. ஓடுகிறவரை உயிர் உண்டு, நின்றால் விழுவேன். அதனால் எங்கே சிக்னல் சிவப்பாக இருந்தாலும் இடது பக்கம் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். திரும்பித் திரும்பிக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டேன். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் மேடைதான் என் காலுக்குச் சரியான உயரம். அங்கே ஒட்டி நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டு, இறங்கிக் கண்ணை மூடி மூச்சு வாங்கினேன். கண்ணைத் திறந்தால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். "எங்க வலிக்குது பெரியவரே?" என்கிறாள் ஒரு நர்ஸ். "வலியெல்லாம் இல்லம்மா, கால் எட்டல" என்றேன். நேராக எலும்பு டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனுஷன் என் காலைப் பார்த்தானா? ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான். நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடிப்போய் டாங்கைத் தடவிக்கொண்டு நிற்கிறான். "இந்தச் சத்தம் இப்ப வர்ற வண்டியில ஏதுங்க? இது மூச்சு விடுதுங்க!" என்கிறான். அவன் மட்டுமா? தபால்காரர், போலீஸ்காரர், சிரித்தே பார்த்திராத பேங்க் மேனேஜர், எல்லாரும் இதே கதைதான். ஒவ்வொரு ஒடுக்கும் எந்த ஊரில் விழுந்தது என்று கேட்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் நான் கட்டிய பல்லை ஒருத்தராவது நின்று பார்த்ததுண்டா? எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாவது வாரம் உன் அக்கா வந்து, "நீங்க ஓட்டுங்க, நான் பின்னால இருந்து கால் ஊனிக்கிறேன்" என்றாள். உங்கள் பரம்பரைதான் ஒட்டகச்சிவிங்கிப் பரம்பரை ஆயிற்றே, அவளுக்கு இரண்டு காலும் எட்டியது. அன்றிலிருந்து ஓட்டுவது நான், நிறுத்துவது அவள். வாரத்துக்கு ஒரு தடவை என்பது மூன்றாகி, இருபது கிலோமீட்டர் எண்பதாகிவிட்டது. அவள் கால் ஊன்றாத இடத்தில் நான் இறங்க முடியாது என்பதால் அவள் பார்க்க நினைத்த அணை, குன்று, ரயில் பாலம் எல்லாவற்றையும் நானும் பார்த்தாக வேண்டியிருந்தது.

போன வாரம் வந்தது வினை. பெரிய ரவுண்டானாவில் நடுத்திட்டின் ஓரக்கல்லில் கால் வைத்து நிறுத்தியபோது, கழன்று விழுந்த செருப்பை எடுக்க அவள் இறங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்த அடியில் கிளம்பிவிட்டேன். பாதி சுற்றில்தான் முதுகு லேசாக இருப்பது தெரிந்தது. திரும்பி வந்தால், கல் என் காலுக்கு எட்டுகிற அந்த ஒரே இடத்தில் செடிக்குத் தண்ணீர் விட லாரி நிற்கிறது. அவளோ நடுத்திட்டில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறாள். "எங்க போறீங்க?" என்று முதல் சுற்றில் கேட்டாள். "நிறுத்த" என்று இரண்டாவது சுற்றிலும், "முடியல" என்று மூன்றாவது சுற்றிலும் பதில் சொன்னேன். ஐந்தாவது சுற்றில் அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கட்டினவளை நடுரோட்டில் அழவைத்த பாவி ஆனேனே! ஏழாவது சுற்றில் சுமைதூக்குகிறவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் வண்டியைப் பிடித்து என்னைக் குழந்தையைப் போல் இறக்கிவிட்டார்கள். இறங்கிய கையோடு, "இந்தச் சனியனை வித்துடறேன், இது சத்தியம்" என்று அவளிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், தன் அறைக்குப் போய்விடுகிறாள். வீடு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது, மச்சான். இந்த வயதில் இதை என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஒருவர் வருகிறார். இத்துடன் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வண்டி தொலைந்தால் அவள் மனம் இறங்கும்.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இரு. அதில் முதல் வேலையாக இதைச் செய்.

இப்படிக்கு,
நொந்து நூலாகிப்போன உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்த ஆள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். ஆறடி உயரம். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஒரே உதையில் கிளப்பிவிட்டார். உன் அக்கா வாசலுக்கு வந்து, "எறங்குங்க தம்பி, இது விக்கிறதுக்கு இல்ல" என்றாள். "உனக்காகத்தானே விக்கிறேன்? அன்னைக்கு நடுரோட்டுல அழுதியே!" என்றேன். "யாரு அழுதா? சிரிச்சேங்க. வயிறு வலிக்கச் சிரிச்சேன். எப்ப அடுத்த சுத்து வருவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். எறங்கினதும் விக்கிறேன்னு சத்தியம் பண்ணீங்க. மறுபடி, வண்டி வர்றதுக்கு முன்னால இருந்த மாதிரி நீங்க ஒரு ரூமு, நான் ஒரு ரூமான்னு நெனச்சேன், பேச்சே வரல" என்றாள். நான் போய் முக்காலியை எடுத்து வந்தேன். வந்தவர் தானாகவே இறங்கிப் போனார். ஆகவே கையெழுத்துப் போடாதே, காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ ஊர் திரும்பும் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது. அன்றைக்கு நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.