தலைமாட்டில் இல்லாத கட்டர்

மதிப்பிற்குரிய ருத்ரேஷ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் ஹாலேஷ் இரு கை கூப்பி எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் வாய் திறந்து பேசி, வாய் திறந்து சாப்பிட்டு, வாய் திறந்து கொட்டாவியும் விட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டுகிறேன். வாயைத் திறக்க முடிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது இந்தப் பத்து நாளில்தான் எனக்குத் தெரிந்தது. நான் நலமாக இல்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அத்தை எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பொழுது சாய்வதற்குள் ஹரிஹரத்தில் பாதித் தெருவுக்கு நான் அழுத சத்தம் கேட்டுவிடும். அதனால் இந்தக் கடிதத்தை மூன்று மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

முதலில் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு படியுங்கள். நீங்கள் எங்கள் மெடிக்கல் காலேஜ் டீனின் மச்சானோடு ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இன்றைக்கே அவரைப் பிடித்து, என்னை முகத்தாடை அறுவைத் துறையிலிருந்து சமூக மருத்துவத் துறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே கொசு எண்ணுவார்கள், படிவம் நிரப்புவார்கள், யாரும் சாகமாட்டார்கள். மாற்றல் உத்தரவில் தேதி மட்டும் நேற்றைக்கு முந்தைய தேதியாக இருக்க வேண்டும். நேற்று நான் அந்த வார்டிலேயே இல்லை என்று காகிதம் சொல்ல வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை.

எம்.பி.பி.எஸ். முடித்த ஹவுஸ் சர்ஜனுக்கு அந்தத் துறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஐந்து வருஷம் படித்தோம், ஈரலைத் தெரியும், இதயத்தைத் தெரியும், வாயைப் பற்றி ஒருவனும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. தாடை உடைந்து ஒருவன் வந்தால் பல் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம். அதைச் சரிசெய்யத்தான் இந்த வருஷம் முதல் எங்களுக்கும் பதினைந்து நாள் பயிற்சி. முதல் நாளே ஒருவர் வாயில் இன்னொருவர் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பழக வேண்டும் என்றார்கள், அதுதான் அங்கே வழக்கமாம். எனக்குப் போட்டவன் ஊசியைக் கொஞ்சம் ஆழமாகச் செருகிவிட்டான். பல் மரக்கவில்லை, பாதி முகம் தொங்கிவிட்டது, இடது கண் மூடவில்லை. இரண்டு மணி நேரம் அந்தக் கண்ணைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நான் என் மரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சொல்லித் தரும் மேல்படிப்பு மாணவர் டாக்டர் கொட்ரேஷ் வந்து பார்த்து, “பயப்படாதடா, மருந்து எறங்குனா முகமும் ஏறிடும். அதுவரைக்கும் யாரையும் பாத்துச் சிரிக்காத, பயந்துடுவாங்க” என்றார். பிறகு கறிக்கடையிலிருந்து ஆட்டுத்தலை வாங்கி வந்து அதன் பல்லில் கம்பி கட்டப் பழக்கினார்கள். ஆடு அசையவில்லை, என் கைதான் அசைந்தது. ஏழு இடத்தில் என் விரலில் கம்பி குத்தியது, ஆட்டின் பல்லில் ஒரு சுற்றுகூட நிற்கவில்லை.

இனி துருகப்பா. தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவர், நாற்பது வயது. அடுக்கிலிருந்து மக்காச்சோள மூட்டை சரிந்து முகத்தில் விழுந்து கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. மண்டிக்காரன் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினானே தவிர இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. உடைந்த தாடை சேர வேண்டுமானால் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கடித்த நிலையிலேயே வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், நாலு வாரத்துக்கு வாய் திறக்காது. கஞ்சி, மோர் எல்லாம் கடைவாய்ப் பல் சந்தில் குழாய் வைத்துத்தான். அப்படிக் கட்டப்பட்டவருக்கு வாந்தி வந்தால் வெளியே வர வழியில்லை, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் கம்பி கட்டிய ஒவ்வொருவர் கட்டில் தலைமாட்டிலும் கம்பி வெட்டுகிற கட்டர் ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும். கொட்ரேஷ் முதல் வகுப்பில் சொன்ன முதல் விஷயம் இது. “நோயாளி பேரை மற, உன் பேரையே மற. கட்டரை மறந்தா கொலை.” நான் நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

நேற்று இன்ஸ்பெக்‌ஷன். மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாடியில் தனியாகப் பயிற்சிக்கூடம் இருப்பதாகவும், அதில் எல்லாக் கருவியும் இருப்பதாகவும் துறைத் தலைவர் பாட்டீல் சார் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். கூடம் இருக்கிறது, பெயர்ப் பலகையும் கண்ணாடி அலமாரியும் இருக்கின்றன. அலமாரிக்குள் பிளாஸ்டரில் செய்த ஒரு மண்டையோடும் இறந்துபோன கரப்பான் பூச்சியும்தான் இருந்தன. காலை எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “ஹாலேஷ், வார்டுல தொங்குற கட்டர், உறிஞ்சுற மெஷின், எல்லாத்தையும் மேல கொண்டுவந்து அடுக்கு. மத்தியானத்துக்கு மேல திரும்பக் கட்டிக்கலாம்” என்றார். மாமா, நான் மறுத்திருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டிய என் தாள் எல்லாம் அவர் மேஜையில் இருக்கிறது. கம்பி கட்டியவர்களின் ஆறு கட்டிலிலும் கயிற்றை அவிழ்த்து ஆறு கட்டரையும் நான்தான் எடுத்தேன். துருகப்பாவின் மனைவி நீலவ்வா கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள், “தம்பி, அது வாய்க்குச் சாவின்னு சொன்னீங்களே, எங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்று கேட்டாள். “துடைச்சுட்டு வந்துடறேன்மா” என்றேன். இந்தப் பொய்யை எழுதும்போதே கை கூசுகிறது. மேலே மண்டையோட்டை அலமாரிக்கு வெளியே மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே கட்டர்களை வரிசையாக அடுக்கினேன். பாட்டீல் சார் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வார்டுக்குக் கஞ்சியும் வரவில்லை. சமையல்கட்டில் இன்ஸ்பெக்‌ஷன் பெரியவர்களுக்கு பருப்புப் பூரணம் வைத்து ஹோளிகே தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வரை பார்த்த நீலவ்வா, ஒன்பது நாளாக மிளகாய் பஜ்ஜிக்கு ஏங்குகிற மனுஷன்தானே என்று வாசல் ஹோட்டலில் பஜ்ஜியும் பொரியும் மோரும் சேர்த்து மிக்சியில் அடிக்கச் சொல்லி, குழாயில் ஊற்றிவிட்டாள். கால் மணி நேரத்தில் துருகப்பா எழுந்து உட்கார்ந்தார். பற்களுக்கிடையில் மஞ்சள் நுரை வந்தது, மூக்கில் வந்தது, கண் பிதுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. “டாக்டர் தம்பி! வாய் பூட்டியிருக்கே! வாய் பூட்டியிருக்கே!” என்று அவள் கத்தினாள். நான் தலைமாட்டில் கை வைத்தேன். கயிறு மட்டும் இருந்தது. நான் பார்த்த பயமெல்லாம் பயமே இல்லை மாமா, இதுதான் பயம். அனசூயா சிஸ்டர் அவரை முன்னால் குனியவைத்துப் பிடித்துக்கொண்டு, “நின்னு பாக்காதடா, ஓடு!” என்றார்.

ஓடினேன். மாடியில் அலமாரி முன்னால் நின்று, “ஒவ்வொரு மாணவனும் தன் கையாலயே செஞ்சு பழகுறான் சார்” என்று பாட்டீல் சார் சொல்லிக்கொண்டிருந்தார். “சார், சாவி” என்றேன். “அப்புறம் வாப்பா” என்றார் சிரித்தபடி. “சார், துருகப்பா வாந்தி, சாவி” என்றேன். சிரிப்பு மாறாமலே பல்லைக் கடித்து, “வெளியே போ” என்றார். சோதனைக்கு வந்திருந்த பெரியவர், “மாணவருக்கு ஏதாவது சந்தேகமா?” என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மேஜையிலிருந்த மண்டையோட்டை எடுத்துக் கண்ணாடியில் அடித்தேன். மண்டையோடும் உடைந்தது, கண்ணாடியும் உடைந்தது. ஒரு கட்டரை எடுத்துக்கொண்டு படி இறங்கினேனா விழுந்தேனா என்று தெரியாது. மேலும் கீழுமாகப் போகிற கம்பியை மட்டும் வெட்ட வேண்டும், ஆறு இருக்கும். நான் எத்தனை வெட்டினேன் என்று தெரியாது, என் கட்டைவிரல் தோலும் ஒன்று. வாய் திறந்தது. எல்லாம் என் வெள்ளைக் கோட்டின் மேல் வந்தது. துருகப்பா ஒரு நீளமான மூச்சு இழுத்தார், இன்னொன்று இழுத்தார், பிறகு ஒன்பது நாளுக்கு அப்புறம் முதல் பேச்சாக மனைவியைப் பார்த்து, “உப்பு போடலியாடி?” என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சிஸ்டர் என்னைத் தாண்டிப் போய் அவருக்கு வாய் துடைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. பின்னாலேயே இறங்கி வந்த பெரியவர், “தலைமாட்டில் ஏன் கட்டர் இல்லை?” என்று ஒரே ஒரு கேள்வியைத் தன் தாளில் எழுதிக்கொண்டு ஹோளிகே சாப்பிடப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமே. சாயங்காலம் பாட்டீல் சார் என்னை உட்காரவைத்து, அதுவரை எனக்குத் தராத டீயைத் தந்து, ஒரு தாளைத் தள்ளினார். அதில் எழுதியிருந்தது இது: நோயாளியின் மனைவி கட்டரைத் திருடி விற்பதற்காக அவிழ்த்து ஒளித்துவைத்தாள், தடை செய்யப்பட்ட உணவையும் கொடுத்தாள், அதனால் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், சாட்சி ஹாலேஷ். “சார், அந்தம்மா எடுக்கல” என்றேன். “அவளுக்குப் படிக்கத் தெரியுமா? கைநாட்டுதான. நீ கையெழுத்துப் போடு, உன் சர்டிபிகேட்ல நான் போடறேன்” என்றார். துருகப்பா உடைந்த தாடையோடு வெளியே போனால் அது கோணலாகச் சேரும், இனி அவர் ரொட்டியைக் கடிக்க முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டை தூக்கவும் முடியாது. திருடி என்று பேர் வாங்கிய நீலவ்வா அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குள் நுழையவே மாட்டாள். காசு உள்ளவன் தாடை உடைந்தால் பாட்டீல் சார் தன் நர்சிங் ஹோமில் தானே கட்டுகிறார். எங்கள் கை பழகுவதற்கு மட்டும் மண்டித் தொழிலாளி வாய் வேண்டும், அலமாரி நிறைவதற்கு அவன் உயிர் தொங்குகிற கயிறும் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்றுதான் நேற்றிலிருந்து நடுங்குகிறேன். அதனால்தான் கேட்கிறேன், நான் அங்கே இல்லவே இல்லை என்று ஆக்கிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு வேண்டாம். உங்களைத் தெய்வமாக நினைத்துக் காலில் விழும்,

ஹாலேஷ்

பின்குறிப்பு: மாமா, மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டேன், கடிதம் என் பையிலேயே தங்கிவிட்டது. இது மறுநாள் மத்தியானம். டீனின் மச்சானிடம் போகாதீர்கள். விசாரணையில் நீலவ்வா எனக்கு முன்னால் நின்றாள். மை தடவிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? நீங்க சொன்னா வெச்சுடறேன்” என்றாள். அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. வாசித்துக் காட்டினேன். பிறகு அதே தாளின் பின்பக்கம், ஆறு கட்டரையும் அவிழ்த்தது ஹாலேஷ், அவிழ்க்கச் சொன்னது துறைத் தலைவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, என் பயிற்சியை இன்னும் இரண்டு மாதம் நீட்டித்தார், அதே துறையில். பாட்டீல் சாருக்கு என்ன என்று கேட்காதீர்கள், அவருக்கு ஒன்றும் இல்லை. மீதி ஐந்து கட்டரும் சாட்சிப் பொருள் என்று உடைந்த அலமாரியோடு சீல் வைத்துவிட்டார்கள், வார்டில் ஆறு வாய்க்கு ஒரு கட்டர்தான் இருக்கிறது. ஆகவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம், ஹார்டுவேர் கடையில் நல்லதாக ஐந்து கட்டர் வாங்கி நாளை முதல் பஸ்ஸில் அனுப்புங்கள். துருகப்பாவை வீட்டுக்கு அனுப்பவில்லை. நாளைக் காலை அவருக்கு மறுபடி கம்பி, கொட்ரேஷ் பக்கத்தில் நிற்பார், கட்டப்போவது நான். எனக்குக் கை நடுங்கும் என்று துருகப்பாவிடமே சொல்லிவிட்டேன். “நடுங்கட்டும் டாக்டரே, நடுங்காத கை கட்டுனதையும் பாத்தாச்சு” என்றார்.