கிளிஃபர்ட் கைவைத்த துப்பாக்கி

பேனா ஸ்பிரிங் போட்ட பிறகு, துப்பாக்கியின் ட்ரிகர் வெயில் நேரத்து நாயின் நாக்கு மாதிரி தொங்கியது.

"முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி பிரிஸில்லா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"முன்னாடி லூஸ். இப்போ சாஃப்ட்," என்றான் கிளிஃபர்ட்.

சினிமாத் துப்பாக்கியைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த நகல் அது. சாந்தோம் பங்குத் திருவிழா நாடகத்துக்கு வாங்கியது. "ட்ரிகர் கொஞ்சம் லூஸு. நல்லா பண்ணிக் குடு கிளிஃபர்ட்டு" என்று இயக்குநர் அல்போன்ஸ் சாரே வீடு தேடி வந்து கொடுத்திருந்தார்.

வீடு தேடி வந்ததுதான் விஷயம். போன வருஷ நாடகத்தில் கிளிஃபர்ட் ரிப்பேர் செய்த சம்மனசின் இறக்கை, அந்தத் தேவதூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும்போது கழன்று மாதா தலையிலேயே விழுந்தது. அன்றிலிருந்து அவன் ஒத்திகைப் பக்கமே வரக் கூடாது.

"இது சரியா வந்துச்சுன்னா, கிறிஸ்மஸ் குடில் லைட்டு என் பொறுப்புன்னு சொல்லியிருக்காரு."

"குடில் கூரை வைக்கோலு. ஞாபகம் இருக்கட்டும்."

அடுத்து துணி கிளிப்பின் ஸ்பிரிங். இப்போது ட்ரிகர் அசையவே இல்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். முகம் சிவந்தது.

"வில்லன் சுடுறதுக்குள்ள அவருக்கே குடலிறக்கம் வந்துடும்," என்றாள்.

பாதியாக வெட்டினான். அது பறந்துபோய் வஞ்சிரக் குழம்பில் விழுந்தது. கரண்டி விட்டுத் தேடி, கழுவி, மாட்டினான். துப்பாக்கியில் மீன் வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

கடைசியில் கேஸ் லைட்டரைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கைப் போட்டான்.

டக்!

"கேட்டியா?"

"கேட்டேன். அடுப்ப இனிமே இதாலயே பத்த வைக்கவா?"

ஆனால் அவள் சண்டை போடவில்லை. அதுவே அதிசயம். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடுங்களேன்," என்றாள்.

பண்ணினான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானம் நிரம்பி வழிந்தது. மேடையில் வில்லன் லாய்ட், கதாநாயகி ஃப்ளோரன்ஸை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். மைக் செட் தௌசீஃப் பக்கத்தில் நின்ற கிளிஃபர்ட், "அந்தோணியாரே, ஒரே ஒரு டக்!" என்று வேண்டிக்கொண்டான்.

லாய்ட் இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்து அவருடைய ஒட்டுமீசையைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஃப்ளோரன்ஸ் செருப்பைக் கழற்றினாள். கூட்டம் விசிலடித்தது.

கிளிஃபர்ட் நழுவப் பார்த்தான். அல்போன்ஸ் சார் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்யா! குடில் லைட்டு உனக்குத்தான். சொன்னா சொன்னதுதான். பக்கத்துல ரெண்டு பக்கெட் மணல் மட்டும் வச்சுக்குவோம்."

அவர் மேடைக்கு ஓடினார். கிளிஃபர்ட் தௌசீஃபைப் பார்த்தான்.

"இன்னா தம்பி இது? சுடவே இல்லையே?"

"சுட்டா ஃப்ளோரன்ஸ் அக்கா காலி, கதையே முடிஞ்சிடும்ணே! இந்த சீன்ல அது மக்கர் பண்ணணும். லாய்ட் சாருக்கு அப்படி நடிக்க வரல, ஒத்திகையில எப்ப இழுத்தாலும் டக்கு டக்குன்னு அடிச்சுக்கினே இருந்துச்சு."

"அப்போ லூஸுன்னு சொன்னது?"

தௌசீஃப் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "நல்லா இருந்த துப்பாக்கிண்ணே அது. 'கண்டிப்பா கெடணும்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட ரிப்பேருக்குக் குடுங்க'ன்னு பிரிஸில்லா அக்காதான் ஐடியா குடுத்துச்சு."