கண்டக்டரம்மாவும் என் வலது காதும்

திருநெல்வேலியில் கண்டக்டரம்மாவிடம் ஏச்சு வாங்காத காது ஒன்று உண்டென்றால், அது கோயில் தூணில் நிற்கும் யாளியின் காதாகத்தான் இருக்கும். அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் அல்ல. பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டர். பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்தவர் யாருமில்லை. ஆட்டோவில் ஏறி "கண்டக்டரம்மா" என்றால் போதும். "எந்தக் காது அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுப்பார்கள்.

எனக்கு வலது காது. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறை ஆற்றில் முங்கி எழுந்தேன். இடது பக்கம் ஊர் இருந்தது. வலது பக்கம் இல்லை. எல்லோரும் செய்வதுபோல் வெயிலில் காய்ந்த கல் ஒன்றைக் காதில் பொத்தி, ஒற்றைக்காலில் குதித்தேன். காது மடல் சுட்டதுதான் மிச்சம்.

எங்கள் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் காது போயிற்று. அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அவர் சிரிப்பார். துஷ்டி என்று சாவுச் சேதி சொல்ல வந்தவரிடமும் சிரித்தார். நானோ பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன் என்பது பேருக்குத்தான். கேலி பேசி நாலு பேரைச் சிரிக்க வைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு வயிறு நிறைகிற ஆள். திங்கட்கிழமை பட்டறையில் ஒன்று எடுத்துவிட்டேன். பையன்கள் சிரித்தார்களா, மெஷின் இரைந்ததா என்று தெரியவில்லை. அப்பாவின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

கூட்டாளி ஆறுமுகம் தைரியம் சொன்னான். "ஏலே, இதுக்கா முழிக்கே? கம்ப்ரசர் காத்தை ஒரு அடி அடிச்சா வெளிய வந்துட்டுப் போவுது."

"எது வழியாலே வரும்?"

"அந்தப் பக்கத்துக் காது வழியாத்தான்."

இதை நான் முழுசாக ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி கேள்விப்பட்டு, கையோடு கண்டக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

"என்னத்தையெல்லாம் போட்டுக் குடைஞ்சீய? ஒளிக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர், காதுக்குள் விளக்கை அடித்தபடி.

"ஒண்ணுமில்லம்மா."

"பைக் சாவி, ஈர்க்குச்சி, ஊக்கு," என்று மனைவி ஒப்பித்தாள். "நேத்துலேருந்து என் கொண்டை ஊசியையும் காணோம்."

"கொண்டை ஊசி உள்ள இல்ல. அழுக்குதான். குடைஞ்சு குடைஞ்சு உள்ள தள்ளிக் கல்லாக்கி வச்சிருக்கீய. ஆத்துத் தண்ணி பட்டதும் ஊதி அடைச்சிக்கிட்டு."

"இல்ல, கம்ப்ரசர்ல..."

விளக்கு அணைந்தது. "அடிச்சிருந்தா சவ்வு கிழிஞ்சிருக்கும் வே!" அண்ணாச்சி என்று ஆரம்பித்தவர் வே-க்கு இறங்கிவிட்டார்.

முன்பு காதில் சீழ் வந்ததா, சவ்வில் ஓட்டை உண்டா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று துருவிக் கேட்டார். எல்லாம் இல்லை என்று சொல்லி, அப்பாவுக்குக் காது போன கதையையும் நான் கொட்டிய பிறகே சொட்டு மருந்து எழுதினார். "அஞ்சு நாள் ஊத்துங்க. இன்னும் கொஞ்சம் அடைக்கும், பயப்படப்படாது. வேற ஒண்ணும் பண்ணாம இருக்கணும். முடியுமா?"

வேறு ஒன்றும் பண்ணாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத வித்தை. இரண்டாம் நாள் காது சுத்தமாக அடைத்தது. ஒரே காலையில் மூன்று தடவை போன் போட்டேன். மூன்றாம் தடவை, "நான் பேசுதது இடது காதுலயா கேக்குது?" என்றார்.

"ஆமாம்மா."

"அப்ப அது நல்லா இருக்கு. வைங்க போனை."

ஆறாம் நாள் நாற்காலியில் சாய்த்தார். பக்கத்தில் மைக்ராஸ்கோப், கையில் ஊசிபோல் மெல்லிய உறிஞ்சு குழாய். "தலையை அசைக்கப்படாது. சுத்துனா கையை மட்டும் தூக்குங்க."

குழாய் உள்ளே போனதும் மண்டைக்குள் புயல் அடித்தது. அப்போதுதான் ஆரம்பித்தார்: "ஜங்ஷன்ல எடுத்தாச்சு. பேட்டை. சுத்தமல்லி. பைய, பைய... பத்தமடை."

பாபநாசம் பஸ்ஸின் நிறுத்தங்கள்! காது பயத்தை மறந்து மனசு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறது. தலை ஆடாமல் கிடக்கிறது. இத்தனை வருஷமாக எல்லா நோயாளிகளையும் இப்படித்தான் ஏற்றிப்போகிறாராம்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. கையைத் தூக்கினேன். புயல் நின்றது.

"சேர்மாதேவி. வண்டி அஞ்சு நிமிஷம் நிக்கும்," என்றார் முகம் மாறாமல். "இப்ப கிறுகிறுப்பு நின்னுட்டா? போலாமா?"

வீரவநல்லூர். கல்லிடைக்குறிச்சியில் 'பொத்'தென்று ஒரு மூட்டை இறங்கியது. சட்டென்று மின்விசிறி இரைந்தது. மனைவியின் வளையல் கேட்டது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். டாக்டரின் குரல் இவ்வளவு மெல்லியது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுபடி விளக்கடித்துப் பார்த்து, கேட்கும் சோதனையும் செய்தார். "சவ்வு முழுசா இருக்கு. கேக்குத சக்தியும் சரியா இருக்கு. ஒங்க அப்பாவுக்கு வந்தது ஒங்களுக்கு இல்ல. இனிமே எதையும் விட்டுக் குடையாதீய. அழுக்கு தன்னால வெளிய வரும். அடைச்சா மட்டும் வாங்க."

எழுந்தேன். நாக்கு சும்மா இருக்கவில்லை. "பாபநாசத்துல இறக்கி விட்டுட்டீய. திரும்ப ஜங்ஷனுக்கு எப்பம்மா வண்டி?"

மாஸ்க்குக்குள் 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. வலது காதில் துல்லியமாகக் கேட்டது. ஒரு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப மனசில்லாமல் நான் வாசலில் நின்றது அன்றைக்குத்தான்.