அடிக்காத உம்மாவுக்கு முன்னேற்றமில்லை

மதிப்பீட்டாளர் என்றொரு இனம் இருக்கிறது. சோறு ஆக்கமாட்டார், ஆனால் நீங்கள் சாப்பிட்டு ஏப்பம் விடும் நேரம் பார்த்து வந்து, "சாப்பிட முந்தி பசி எப்படி இருந்தது?" என்று கேட்பார். கலியாணத்துக்கு வரமாட்டார், வருஷம் கழித்து வந்து, கலியாணத்தால் உங்களில் ஏற்பட்ட மாற்றம் என்ன என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறீர்களா என்பது அவருக்குப் பெரிதில்லை. மாறியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் மருதமுனை ஜெமீல் இந்த இனத்தில் சேர்ந்தார். கல்முனைக் கடற்கரையோரத்து ஏழை உம்மாமாருக்கு ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளை வளர்ப்பு வகுப்பு நடத்தியது. வியாழன் பின்னேரம் பால் விடாத பிளேன்டீ, கடிக்க ஒரு பணிஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பின்னேரம் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். இப்படியொரு வகுப்பை யார் விடுவார்? அதைத் தொடரலாமா, மூடலாமா என்று சொல்வதுதான் ஜெமீலின் உத்தியோகம்.

"முந்தி எப்படி? இப்ப எப்படி?" என்று வீடுவீடாகக் கேட்டார்.

"முந்தி நான் பேய், சேர்," என்றாள் முனவ்வறா. "அகப்பை முறிய அடிப்பன். இப்ப பூப்போலத்தான் கதைக்கிற."

ஜெமீலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வீட்டு சபியா உம்மா விட்டுக்கொடுப்பாளா? பிள்ளையைத் தென்னையில் கட்டிவைத்ததாகச் சொன்னாள். அந்த வளவில் தென்னையே இல்லை. ஜெமீல் அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்றாவது வீடு சல்மா உம்மாவுடையது. அவளுடைய ஆறு வயது மகன் றிப்தி மடியில் கிடந்து பப்பாசி தின்றுகொண்டிருந்தான்.

"நான் புள்ளைக்கு அடிக்கிறல்ல சேர்."

"அது இப்ப. முந்தி?"

"முந்தியும் இல்ல."

"நல்லா யோசிங்க. காதையாவது திருகியிருப்பீங்க."

"காது குத்துதெண்டு அழுதப்ப புடிச்சிப் பாத்தன்."

ஜெமீல் அறிக்கைத் தாளைப் புரட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரல்ல. அந்த மடியையும் பப்பாசியையும் பார்த்து மனம் இளகத்தான் செய்தது. ஆனால் இளகியதைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எப்படி அனுப்புவது? "இந்த வீட்டில மாற்றமே இல்ல. இப்படியெண்டா வகுப்ப நிப்பாட்டிப்போடுவாங்க. வாற கிழமை திரும்ப வாறன்," என்று சொல்லிப் போனார்.

மறு வாரம் அவர் ஒழுங்கைச் சந்துக்குள் திரும்பும்போதே ஒரே கூச்சல். சல்மா உம்மா அகப்பையோடு கிணற்றைச் சுற்றி ஓடுகிறாள், முன்னால் றிப்தி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு ஓடுகிறான், வேலியோரம் ஒழுங்கைப் பெண்கள் அத்தனை பேரும் நின்று "ஓங்கி அடி புள்ள! கையத் தளத்தாத!" என்று பாடம் நடத்துகிறார்கள். சல்மா உம்மாவின் கண்ணால் நீர் வடிந்தது. "எனக்கு அடிக்க ஏலா கா!"

"யா அல்லாஹ், என்ன இது?" என்று கத்தினார் ஜெமீல்.

முனவ்வறா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தாள். "நீங்கதானே சேர் முந்தி எப்படியெண்டு கேட்டீங்க. இவவுக்கு முந்தி எண்டு ஒண்டும் இல்ல. அதான் இண்டைக்கு ஒண்டு செஞ்சி எடுக்கிறம். வகுப்ப நிப்பாட்டிராதீங்க. வாற கிழமை வாங்க, மாறியிருப்பா."

அகப்பை ஒருவழியாக றிப்தியின் முதுகைத் தொட்டது. "இன்னொருக்கா உம்மா!" என்று அவன் திரும்பிக் கட்டிப்பிடித்தான்.

ஜெமீலுக்கு ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரே கணம். பிறகு இனத்தின் குணம் எழுந்து நின்றது: கண்ணால் கண்ட அடி! மற்ற வீடுகளில் எல்லாம் கேள்விப்பட்டதுதானே!

அடுத்த கிழமை வந்தார். சல்மா உம்மா வழக்கம்போல் மகனை மடியில் வைத்திருந்தாள். ஒழுங்கையிலேயே மிகப் பெரிய முன்னேற்றம் என்று அறிக்கை போனது. வகுப்பு இன்னும் ஒரு வருஷம் நீண்டது. அடிப்பதை எப்படி விட்டேன் என்று சல்மா உம்மா கூட்டத்தில் எழுந்து பேசவேண்டி வந்தது; வெட்கத்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, திருந்தியவளின் அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். றிப்திதான் பாவம். "அடிக்க வாங்க உம்மா" என்று பல நாள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் திரிந்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன கிழமை பஸ்ஸில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதபோது, அதன் தாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வளர்ப்பு அப்படி" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தீர்களே, உங்களை அந்த வேலைக்கு நியமித்தது யார்?