கிட்டாருக்கு நாடி பார்த்தவர்

விடிந்ததிலிருந்தே மாடிப்படியில் வரிசை. எல்லோர் தோளிலும் ஒரு கிட்டார், எல்லோர் முகத்திலும் ஒரு கவலை. மேலே மரநாடி வைத்தியர் இருந்தார். மனிதனுக்குக் கையில் நாடி பார்ப்பார்கள். கிட்டாருக்குக் கை இல்லாததால் இவர் வயிற்றில் பார்த்தார். மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினால் மரம் தன் கதையைச் சொல்லிவிடும். வாசிக்கிறவன் சரியில்லை என்று மட்டும் எந்த மரமும் சொன்னதில்லை. கூட்டத்துக்கு அதுவே காரணம்.

சில மரங்களுக்கு வெறும் மயக்கம். தடவிக் கொடுத்து எழுப்பிவிடுவார். சில மரங்கள் செத்துப்போயிருக்கும். அவற்றை அவரிடமே விட்டுவிட வேண்டும், முறைப்படி அடக்கம் செய்வார். என்ன மாயமோ, விலை உயர்ந்த கிட்டார்கள்தான் பொசுக்கென்று செத்தன. மலிவானவை எல்லாம் மயக்கத்தோடு தப்பின.

வரிசையில் ஒரு பேஸ்காரர் நின்றார். இசைக்குழுவில் நாலு தடித்த கம்பி பேஸ் கிட்டார் வாசிப்பவர். அந்த பேஸை அறுத்து, இழைத்து, ஒயர் பூட்டிச் செய்தது அவர் மனைவி. கிட்டார் செய்வதுதான் அந்த அம்மாவின் தொழில். கொஞ்ச நாளாக பேஸில் சத்தம் விட்டு விட்டு வந்தது. “உள்ள ஒயர் விட்டிருக்கும், குடுங்க, ஈயம் வச்சுப் பத்த வைக்கிறேன்” என்றார் மனைவி. வெறும் ஒயரா? ஒரு கலைஞனின் துயரத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா? பேஸ்காரருக்கு மனம் ஒப்பவில்லை. நேராக வைத்தியரிடம் போனார்.

“மரம் செத்துப்போச்சு. செஞ்சவங்க கைராசி சரியில்ல. நாளைக்கு அடக்கம் பண்ணிடலாம்” என்றார் வைத்தியர்.

கணவர் இதை வீட்டில் அப்படியே ஒப்பித்தார். அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற கை அது. மனைவிக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. மறுநாள் அடக்கத்துக்குத் தானும் கூட வந்தார், இன்னொரு கிட்டாரோடு.

“ஐயா, இதுக்கும் நாடி பாருங்க. செத்திருந்தா ரெண்டையும் சேத்தே அடக்கம் பண்ணிடலாம்.”

வைத்தியர் வாங்கினார். நல்ல கனம். விரலை வைத்தார். “முதிர்ந்த மரம்மா. மலைச்சரிவுல தனியா நின்னிருக்கு. பக்கத்துல இடி விழுந்திருக்கு. பாவம், இன்னும் பயம் தெளியல.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வயிறு பூரா அதே மரம்தானா? வேற எதுவும் கலந்திருக்கா?”

“ஒரே மரம். கலப்பே கிடையாது.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க ஐயா. என் கைராசியவே கண்டுபிடிச்சவராச்சே.”

“நாடி பொய் சொல்லாதும்மா.”

அந்த அம்மா கிட்டாரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். மரக்கோடு போட்ட தாள் உரிந்து வந்தது. அலமாரிக் கதவுக்கு ஒட்டுகிற அதே தாள். பின்பக்கத்தையும் உரித்தார். உள்ளே பெயர்ப்பலகை செய்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதன் வழியாக வைத்தியரின் சட்டைப் பொத்தான்கள் தெளிவாகத் தெரிந்தன.

“இடி எந்தப் பக்கம் விழுந்துச்சுங்க?” என்று வரிசையில் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

அம்மா பேஸை அங்கிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி, அதன் பின்மூடியைக் கழற்றினார். தொங்கிய ஒயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “வாசிங்க” என்றார் கணவரிடம். செத்த மரம் ஜன்னல் அதிர உறுமியது. ஏற்கெனவே அடக்கத்துக்குக் கொடுத்திருந்தவர்கள் உள்ளறைக்குள் புகுந்தார்கள். அவர்களுடைய பிரேதங்கள் எல்லாம் துடைத்து மெருகேற்றி, விற்பனைக்குத் தயாராக நின்றன. வைத்தியரின் நாடியை அதற்குமேல் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

படியிறங்கும்போது ஒருவர் சொன்னார்: “இவன் ஃப்ராடுங்க. அடுத்த தெருவுல ஒருத்தர் கம்பிக்கு ஜாதகம் கணிக்கிறாராம். அவரு நிஜம்.” நாலு பேர் முகவரி கேட்டார்கள்.

பேஸ்காரர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “உன் கை நல்ல கைதான்” என்றார்.

“அதையும் யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?” என்றார் மனைவி. “விட்டுப்போன ஒயர வீட்டுக்குப் போனதும் பத்த வச்சிடுவேன். மேல ஒண்ணு விட்டுப்போயிருக்கு பாருங்க, கழுத்துக்கு மேல. அத நீங்கதான் பத்த வைக்கணும்.”