பந்து வரும்போது படுக்கச் சொன்னவன்

நான் சொல்வதை யாருமே கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் நான் சொன்னதை எல்லாரும் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். அதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்து எழுதுகிறேன் (போன தடவையும் அப்படித்தான் நினைத்தேன்).

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிளார்க். எங்கள் முதலாளிக்கு வாலிபால் பைத்தியம். நன்றாக ஆடுகிறவன் எந்த ஊரில் இருந்தாலும் வேலை போட்டுக் கொடுத்துக் கூட்டிவந்துவிடுவார். வேலை பேருக்குத்தான், ஆட்டம்தான் பிழைப்பு. ஆனால் சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு அந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது கேப்டன் சவரிமுத்து மட்டும்.

காலி இடங்களுக்கு ஆள் பிடித்த அழகை என்ன சொல்ல. ஒரு லாரி டிரைவர். ஒரு கண்ணில் புரை விழுந்த ஸ்டோர் கீப்பர். லேபிள் ஒட்டும் பிரிவிலிருந்து அண்ணன் தம்பி இருவர் (சொத்துத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பந்து நடுவில் வந்தால் 'உனக்கு' என்று சொல்லக்கூட மாட்டார்கள்). ஆறாவது ஆள் நான். எனக்கு ஆடத் தெரியாது, உயரம் இருந்தது. சண்டைக்காலத்தில் அது போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சவரிமுத்துவும் பட்டாளத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். திங்கட்கிழமை ரயிலேற வேண்டும். அதற்கு முதல்நாள் சாயங்காலம் ஆமத்தூரில் சாத்தூர் கம்பெனியோடு எங்களுக்குப் பைனல். நான்கு வருஷமாக அந்தக் கோப்பையைக் கிட்டே போய்த் தொடாமல் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்த வாரம் மட்டும் என்னிடம் ஒரு தடவை சொன்னார்: "அதை ஒருவாட்டி கையில தூக்கிட்டேன்னா, அப்புறம் எங்கன கொண்டுபோய் நிறுத்துனாலும் நிப்பேன் சார்." அவருக்காகவாவது ஜெயிக்கவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. அதை இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு சர்க்குலர் வந்தது. விமானம் குண்டு போட்டால் எப்படித் தப்பிப்பது என்று எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கவேண்டுமாம். இங்கிலீஷில் இருந்ததால் படித்துப் பொருள் சொன்ன குற்றத்துக்காக அதற்கு என்னையே பொறுப்பாளி ஆக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டதும் குப்புறப் படுக்கவேண்டும். முழங்கையை ஊன்றி, விரலைக் காதில் விட்டு, பல்லுக்கு நடுவில் கைக்குட்டையைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஷெட்டு ஷெட்டாகப் போய்ச் சொன்னேன். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் பெண்கள் சிரித்தார்கள். வெடிச் சத்தத்துக்கெல்லாம் படுப்பதென்றால் தாங்கள் என்றைக்கு எழுந்திருப்பது என்று ஓர் அம்மாள் கேட்டார். பதுங்கு குழி வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள், மறுநாள் அதில் ஆடு கட்டியிருந்தது.

அகப்பட்டவர்கள் என் டீம்காரர்கள்தான். பந்தும் வலையும் இருக்கும் அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஐந்து தடவை படுத்து எழுந்தால்தான் பந்தை எடுப்பேன் என்று சட்டம் போட்டேன். "படுத்துத் தொலைங்கலே, அப்பத்தான் கதவைத் திறப்பாரு" என்று சவரிமுத்துவே மற்றவர்களைப் படுக்கவைப்பார். இரண்டு வாரம் தினமும் இப்படி. அதே இரண்டு வாரமும் ஊரில் கல்யாணம், சாவு எதற்கும் வெடி போடக்கூடாது என்று உத்தரவு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. நானோ விமானச் சத்தம் வருகிறதா என்று அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பைனலன்று தூசி அடங்கட்டும் என்று கரிசல் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாங்கள் புது வெள்ளைப் பனியனில் இறங்கினோம். அன்று சவரிமுத்து ஆடிய ஆட்டத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. எங்கள் ஐந்து பேரையும் சுமந்துகொண்டு ஒற்றை ஆளாக ஆடினார். அண்ணன் தம்பிகூட அன்று ஒருவருக்கொருவர் பந்து கொடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு.

சாத்தூர்க்காரர்கள் பந்தைத் தடுமாறித் திருப்பினார்கள். அது உயரமாக, மெதுவாக, வலையோரம் சவரிமுத்துவின் தலைக்கு நேராக இறங்கியது. பச்சைப் பிள்ளைகூட அடித்துவிடும். அவர் எம்புவதற்கு முழங்காலை மடக்கினார்.

முதலாளியின் மைத்துனருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. ஜெயித்தாயிற்று என்று முடிவுகட்டி, உத்தரவாவது ஒன்றாவது என்று, மைதானத்துக்குப் பின்னால் ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டார்.

"படுங்க!"

அது என் குரல்தான். இன்றுவரை நான் மறுத்ததில்லை.

ஆறு பேரும் படுத்துவிட்டோம். பயிற்சியில்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் படுத்ததில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் சவரிமுத்து விரலைக் காதில் விட்டு, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவருடைய தோளுக்கு அருகில் பந்து இரண்டு தடவை குதித்து அடங்கியது. சாத்தூர்க்காரர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்களுக்கு வெடி என்றால் வெறும் வெடி, அதனால் நின்றபடியே இருந்தார்கள். "என்னலே, அம்புட்டுப் பேருக்கும் மயக்கமா?" என்று வலைக்கு அந்தப்பக்கம் ஒருவன் கேட்டான். அதன்பிறகு எழுந்து நின்று ஆடினோம் என்று பெயர். கைகால் யாருக்கும் ஓடவில்லை. கோப்பை சாத்தூருக்குப் போனது.

போட்டோக்காரர் வேறு வந்திருந்தார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பனியன்களின் முன்பக்கம் முழுக்கக் கரிசல் அப்பிய ஆறு பேர்.

சவரிமுத்து என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பனியனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "விடுங்க சார். நீங்க சொன்னீக, நாங்க படுத்தோம்" என்றார். மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் போகத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பயிற்சி முகாமிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிக்கப் பயந்து, விருதுநகரில் நர்ஸாக இருந்த என் தங்கை சிசிலியிடம் கொடுத்தேன். அவள்தான் உரக்கப் படித்தாள். 'இங்கே ஹவில்தார் இந்தியில் கத்துகிறார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் படுத்துக் கிடப்பேன். உன்னைப் பழக்கியது யார் என்று கேட்டார். எங்கள் கம்பெனி கிளார்க் என்று சொல்லியிருக்கிறேன்.' சிசிலி சிரித்துச் சிரித்து அடுத்த கடிதம் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினாள். இரண்டு வருஷத்தில் சவரிமுத்து எனக்கு மச்சான் ஆனார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தால் படுப்பார்கள். டயர் வெடித்தால் படுப்பார்கள். தீபாவளிக்குத் தெருவில் முதல் வெடி போட்டதும் பேரன் பேத்திகள் வரிசையாகக் குப்புற விழுந்து என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கி முதலில் விழுகிறவர் மச்சான்தான். நானும் ஒவ்வொரு வருஷமும் கோபித்துக்கொள்வேன்.

போன வருஷம் மச்சான் தவறிவிட்டார். ஊர் வழக்கப்படி எடுக்கும்போது வெடி போட்டார்கள். முதல் வெடிக்கு அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிசிலி, அழுத முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாண்ணே, இந்தவாட்டி நீ சொல்லாமலே படுத்துட்டாரு" என்றாள்.

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.